ஓடுவதா, ஒதுங்கி நிற்பதா?



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே முழங்காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தமிழாசிரியர் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். உடற்கல்வி ஆசிரியரோ வைத்தியரோ பேச வேண்டிய விடயம் இது என்று சொன்னாலும் அதில் நியாயம் உண்டு. ஆயினும் இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது.

ஆண்டின் முதலாம் தவணையிலே எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. பிறகு கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று படிப்படியாக அவை மேலே செல்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் எங்காவது ஒரு பிள்ளைக்குக் காலிலே அடிபடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்வி எழுகிறது. முழங்காலில் வலியை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை ஓடலாமா, கூடாதா? அந்த வேளையில் பிள்ளையைச் சுற்றி நிற்கும் நாங்கள் என்ன சொல்லுகிறோம்? வீரம் என்கிறோம், மானம் என்கிறோம், விட்டுக்கொடாமை என்கிறோம், இல்லத்தின் பெயர் என்கிறோம், பாடசாலையின் பெயர் என்கிறோம். பிள்ளையை ஓட வைப்பதும் நிறுத்துவதும் பெரும்பாலும் இந்தச் சொற்களே. சொற்களைக் கற்பிப்பது என் தொழிலாகையால் இதுபற்றிப் பேச எனக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை என்று நீளும் இந்தத் தேயிலை மலைகளிலே சமதரை என்பது அரிய பொருள். பல தோட்டப் பாடசாலைகளின் மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் பள்ளம். பந்து உருண்டால் கீழ்மலையிலேதான் போய்த் தேட வேண்டும். நானூறு மீற்றர் சுற்றுப்பாதையைக் கண்ணால் காணாமலே வலய மட்டம் வரை போகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

ஆனால் இந்த மலையே அவர்களுக்குப் பயிற்சிக்களமாகவும் அமைந்துவிடுகிறது. லயத்திலிருந்து பாடசாலைக்குக் குறுக்கு வழியால் ஏறுவதும், மாலையில் அதே வழியால் இறங்குவதும் அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது நுவரெலியா. அந்தக் குளிர்காற்றிலே வளர்ந்த பிள்ளைக்கு நெடுந்தூர ஓட்டம் இயல்பாக வருவதில் வியப்பில்லை. ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து புறப்பட்டு 10,000 மீற்றர் ஓட்டத்திலே தேசிய மட்டத்தில் பெயர் பெற்ற குமார் சண்முகேஸ்வரனை எங்கள் மாணவர்கள் அனைவரும் அறிவார்கள். அவர் பெயரைச் சொன்னால் ஒரு பிள்ளையின் கண்ணிலே தெரிகிற வெளிச்சத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே ஓர் ஓட்டப் போட்டி எங்கள் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு மாத்திரம் அன்று. மாகாண மட்டச் சான்றிதழ் ஒரு கோப்பிலே இருந்தால் அது பின்னாளில் ஒரு நேர்முகப் பரீட்சையில் உதவலாம். லயத்து அறையிலிருந்து வெளியே போகும் பாதைகள் மிகக் குறைவு. அவற்றிலே விளையாட்டும் ஒன்று. ஓடாதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னர், அந்தச் சொல் எதை மறிக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது வகுப்பிலே ஒரு மாணவி இருந்தாள். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை இல்லை. அவள் 1,500 மீற்றர் ஓட்டத்தில் வலய மட்டத்திலே முதலிடம் பெற்றாள். மாகாணப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருந்தன. ஒரு நாள் மாலை மழை பெய்து ஓய்ந்த பிறகு, குறுக்கு வழியின் மண்படிகளிலே இறங்கும்போது வழுக்கி, கால் ஒரு பக்கம் திரும்பி விழுந்துவிட்டாள். மறுநாள் முழங்கால் வீங்கியிருந்தது.

அடுத்த சில நாட்களிலே அந்த ஒரு முழங்காலுக்கு எத்தனை வைத்தியர்கள்! ஒருவர் சித்தாலேப பூசச் சொன்னார். ஒருவர் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னார். ஒருவர் முறிவு வைத்தியரிடம் காட்டி மருந்து கட்டச் சொன்னார். நகரத்திலே றப்பர் பட்டி விற்கிறார்கள், அதை மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று மற்றொருவர் வாங்கியே கொடுத்துவிட்டார். எல்லாரும் அன்பினாலேதான் சொன்னார்கள். ஆனால் எல்லாருடைய அன்பும் அவள் ஓட வேண்டும் என்பதையே சுற்றி நின்றது.

உடற்கல்வி ஆசிரியர் பொறுப்புள்ளவர். அவர் அவளை அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த வைத்தியர் காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தபின், உள்ளே இருக்கும் குருத்தெலும்பிலோ இணையத்திலோ காயம் பட்டிருக்கிறது, ஆறு வாரமாவது ஓய்வு வேண்டும் என்று கூறியிருக்கிறார். ஓடினால் என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்டாராம். ஓடி முடித்தாலும் முடிக்கலாம், ஆனால் அதே கால் இன்னொரு முறை திரும்பினால் பிறகு சத்திரசிகிச்சைதான் என்பது வைத்தியரின் பதில்.

நேயர்களே, இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஓடவே முடியாது என்று சொல்லியிருந்தால் தீர்மானம் எளிது. ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும் எளிது. ஓடலாம், ஆனால் விலை இருக்கிறது என்று சொல்லும்போதுதான் மனிதன் முடிவெடுக்க வேண்டியவனாகிறான்.

முழங்காலைப் பற்றி நான் அந்நாட்களில் வாசித்து அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடை எலும்பும் கீழ்க்காலின் பெரிய எலும்பும் சந்திக்கும் இடம் அது. முன்னாலே காவலாக முழங்காற் சில்லு இருக்கிறது. எலும்புகளை இறுக்கிப் பிடித்து நிற்பவை நான்கு முக்கியமான இணையங்கள். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, பிறை வடிவிலே இரண்டு குருத்தெலும்புகள் மெத்தைபோல அமைந்திருக்கின்றன. இந்தப் பிறைகளின் உட்புறப் பகுதிக்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே அந்த இடம் கிழிந்தால் தானாகப் பொருந்துவது அரிது. தோலிலே பட்ட காயத்தைப்போல நாள் போனால் ஆறிவிடும் என்று நம்பி இருக்க முடியாத இடம் அது. தசை களைத்துப்போவது வேறு, மூட்டு பழுதாவது வேறு. களைப்பு ஓர் இரவுத் தூக்கத்திலே போய்விடும். மூட்டின் பழுது சிலவேளை ஓர் ஆயுளுக்கும் கூடவே வரும்.

வீக்கம் இருப்பது, கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது திடீரென்று மடங்கிக் கைவிடுவது, பாரம் கொடுக்க இயலாமை ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நினைக்கக் கூடாது என்பது வைத்தியம் சொல்லும் பொதுவான எச்சரிக்கை. பனிக்கட்டி வைத்தாலும் வலிக்குளிசை போட்டாலும் வலி குறையும், பழுது குறையாது. வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் சத்தம் நிற்கும், அவ்வளவுதான்.

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். காயத்தைப் போற்றிய மரபு நம்முடையது. மார்பிலே பட்ட புண்ணை விழுப்புண் என்று கொண்டாடினோம். முதுகிலே பட்ட புண்ணைப் புறப்புண் என்று நாணினோம். வெண்ணிப் போர்க்களத்திலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பிலே பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்துவிட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்ட செய்தியைப் புறநானூற்றிலே படிக்கிறோம். இதைக் கற்பிக்கும்போது வகுப்பறை அமைதியாகிவிடும். பிள்ளைகளின் மனத்திலே அது ஆழமாகப் பதிகிறது. ஆனால் முழங்கால் மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை. மழைக்கால மண்படியிலே வழுக்கி வந்த காயத்துக்கு விழுப்புண் என்றும் பெயரில்லை, புறப்புண் என்றும் பெயரில்லை. அது ஒரு காயம் மாத்திரமே. போர்க்களத்துச் சொற்களை அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.

அதே மரபிலே இன்னொரு குரலும் இருக்கிறது. திருக்குறளிலே ஊக்கமுடைமை அறுபதாம் அதிகாரம். ஆள்வினையுடைமை அறுபத்திரண்டாம் அதிகாரம். இடுக்கண் அழியாமை அறுபத்து மூன்றாவது. விளையாட்டுப் போட்டிப் பேச்சுகளில் நாம் எடுத்தாள்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நாற்பத்தெட்டாம் இடத்திலே வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அதைத் தொடர்ந்து காலமறிதல், இடனறிதல். முயல்வதற்கு முன்னே அறிய வேண்டியவை இவை என்பது அந்த வரிசையாலேயே விளங்குகிறது.

செய்யப்போகும் செயலின் பலம், தன் பலம், எதிர்ப்பவனின் பலம், துணை நிற்பவர்களின் பலம் ஆகியவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தே காரியத்தில் இறங்க வேண்டும் என்பது அந்த அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. இதை ஓட்டக்காரிக்குப் பொருத்திப் பாருங்கள். செயல் என்பது 1,500 மீற்றர் தூரம். தன் பலம் என்பது வீங்கிய முழங்காலோடு சேர்ந்த பலம். எதிர்ப்பவர்கள் மாகாணத்தின் சிறந்த ஓட்டக்காரிகள். துணை என்பது நாங்கள். துணையாக நிற்பவர்களின் பலம் எதிலே இருக்கிறது? கைதட்டுவதிலா, உண்மையைச் சொல்வதிலா? மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். எங்கள் ஆசைகள் ஒவ்வொன்றும் மயிலிறகுதான். எல்லாவற்றையும் ஏற்றி வைப்பது ஒரு பிள்ளையின் முழங்காலிலே.

வலி என்ற சொல்லையும் கவனியுங்கள். வள்ளுவர் காலத்திலே வலி என்றால் பலம். துன்பத்தை நோய் என்றும் நோவு என்றும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலே இன்றும் கால் நோகுது என்றே சொல்வார்கள். மலையகத்திலே நாங்கள் கால் வலிக்குது என்கிறோம். பலத்தைக் குறித்த சொல்லே நமது பேச்சிலே நோவையும் குறிக்க வந்துவிட்டது. தன் நோவை அறியாதவன் தன் பலத்தை அறிந்தவன் ஆகான் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உலக விளையாட்டு வரலாற்றிலே ஓர் ஓட்டத்தைப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி மெக்சிக்கோ நகரிலே ஒலிம்பிக் மரதன் ஓட்டம் நடைபெற்றது. அந்த நகரம் ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்திலே இருக்கிறது. நுவரெலியாவை விடவும் உயரம். தன்சானியாவைச் சேர்ந்த ஜோன் ஸ்டீபன் அக்வாரி பாதி வழியை நெருங்கும் வேளையில் நெரிசலிலே விழுந்தார். முழங்கால் பிசகியது, தோளிலும் அடிபட்டது. காலிலே கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினார், நடந்தார், நொண்டினார். வென்றவர் 2 மணி 20 நிமிடத்திலே எல்லையைத் தொட்டார். அக்வாரி வந்து சேர்ந்தது 3 மணி 25 நிமிடத்திலே. அரங்கிலே சனம் பெரும்பாலும் கலைந்துவிட்டது, இருட்டியும் விட்டது. இருந்த சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏன் ஓடினீர் என்று கேட்டபோது, என் நாடு என்னை இவ்வளவு தூரம் அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்குவதற்கு அல்ல, முடிப்பதற்கே என்ற கருத்திலே அவர் சொன்ன பதில் உலகப் புகழ் பெற்றது.

இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அதே ஓட்டத்திலே நடந்த இன்னொரு கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா அன்று ஓடினார். 1960இல் ரோம் நகரிலே வெறுங்காலோடு ஓடி மரதனை வென்றவர் அவர். 1964இல் டோக்கியோவிலே, குடல்வால் சத்திரசிகிச்சை நடந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில் ஓடி மீண்டும் வென்றவர். மூன்றாவது தடவையும் வெல்வார் என்று உலகமே எதிர்பார்த்தது. ஆனால் அவருடைய கால் முன்னரே பழுதுபட்டிருந்தது. ஏறத்தாழ 17 கிலோமீற்றரிலே அவர் ஓட்டத்தை நிறுத்தி விலகினார். அவருடைய நாட்டவரான மாமோ வோல்டேதான் அன்று வென்றவர்.

ஒரே நாள், ஒரே வீதி, பழுதுபட்ட கால்கள். ஒருவர் ஓடி முடித்தார். ஒருவர் நின்றார். பிக்கிலாவைக் கோழை என்று எவராவது சொல்வார்களா? அவர் நின்றதும் ஓர் ஓட்டக்காரனின் அறிவே. அக்வாரி ஓடியதும் ஓர் ஓட்டக்காரனின் உறுதியே. அக்வாரிக்கு நல்ல காலம், அந்த முழங்கால் குணமாயிற்று. 1970இல் எடின்பரோ பொதுநலவாய விளையாட்டிலே மரதனில் ஐந்தாவதாக வந்தார். எல்லா முழங்கால்களுக்கும் அந்த நற்பேறு கிடைப்பதில்லை. குணமாகாத முழங்கால்களைப் பற்றி எவரும் கதை எழுதுவதில்லை.

நமது நாட்டுக் கதையொன்றும் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலே 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கையின் ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கம் அணிந்து ஓடினார். மற்றவர்கள் எல்லாரும் முடித்த பின்னரும் அவருக்குச் சுற்றுகள் மீதமிருந்தன. தனியே ஓடினார். முதலிலே சிரித்த கூட்டம் கடைசியிலே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அவருடைய கதை ஜப்பானியப் பிள்ளைகளின் பாடநூலிலே பாடமாயிற்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் போராடியது உடல் நலக் குறைவோடும் களைப்போடும் பின்தங்கிய வெட்கத்தோடும். கிழிந்த மூட்டோடு அன்று. கருணானந்தவைக் காட்டி, வீங்கிய முழங்காலோடு ஒரு பிள்ளையை ஓடச் சொல்வது உவமைப் பிழை. எங்கள் பாடத்திலே உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா?

மீண்டும் அந்த மாணவியின் விடயத்துக்கு வருகிறேன். தமிழ்ச் சார் சொன்னால் கேட்பாள் என்று கூறி உடற்கல்வி ஆசிரியர் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளது லயத்துக்குச் சென்றார். ஓடச் சொல்வதா, நிற்கச் சொல்வதா என்று அவரும் முடிவு செய்திருக்கவில்லை. வாசலிலே கொழுந்துக் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்திலே படங்கு காய்ந்துகொண்டிருந்தது. அவள் எங்களைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி இது.

"ஓடாம விட்டா பயந்துட்டான்னு சொல்லுவாங்களே சார்?"

அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவர் அறியாமை என்கிறார், அதுவும் அறிவுடைமை என்ற அதிகாரத்திலேயே சொல்கிறார் என்று நான் விளக்கினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மனம் சமாதானம் அடையவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. அப்போது தேநீர் கொண்டுவந்த தாய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியிலே மெல்ல உட்கார்ந்தார். உட்காருவதற்கே அவருக்கு நேரம் எடுத்தது. பிறகு அவர் சொன்னதை அவருடைய மொழியிலேயே தருகிறேன்.

"எனக்கும் இந்த முட்டி ஏழு வருசமா வலிக்குது சார். மழையில, கூடையோட மலையில விழுந்தேன். கொஞ்ச நாளு படுத்துக் கெடந்தா சரியாப் போயிரும்னாங்க. படுத்தா பேர் போயிருமே. பேர் போனா அரிசி போயிரும். அதனால துணிய வச்சிக் கட்டிக்கிட்டுப் போனேன். போய்ப் போய்த்தான் இது இப்படி ஆயிருச்சு. எனக்கு நிக்க வழியில்ல சார். இவளுக்கு இருக்கே. நிக்க வழி இருக்கிறப்ப நிக்கட்டுமே."

தோட்டத்து வாழ்க்கையை அறியாத நேயர்களுக்காக ஒரு விளக்கம். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலிலே பதிவார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர். வராதவருக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. செங்குத்தான மலையிலே கூடையின் பாரத்தோடு ஏறி இறங்கும் ஒரு பெண்ணின் முழங்கால், நாள்தோறும் ஓர் ஓட்டப் போட்டியிலே ஓடுகிறது. அதற்குக் கைதட்டுவாரும் இல்லை, சான்றிதழும் இல்லை, விலகும் உரிமையும் இல்லை. மகள் ஒரு பேர் எடுக்க ஓட நினைத்தாள். தாய் ஒரு பேருக்காகத் தன் முழங்காலையே கொடுத்திருந்தார். பேர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் அந்த வாசற்படியிலே சேர்ந்து இருந்ததை நான் கண்டேன்.

மலையகத்தைப் பற்றிய நமது எழுத்துக்கள் பலவற்றிலும் இந்தப் பொறுமை போற்றப்பட்டிருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களைப் படித்தால், மலையேறிக் களைத்த உடம்புகளின் குரலை அங்கே கேட்கலாம். அந்தப் பொறுமையை நானும் மதிக்கிறேன். ஆனால் நிற்க முடியாததால் நடந்தவர்களின் பொறுமையை, நிற்கக்கூடிய பிள்ளைகளுக்குக் கடமையாக்குவது சரியா? அந்தத் தாயின் கேள்வி அதுதான். தன் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று மகளுக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்லும் வாய்ப்பு அது. அதை வீண்போக்காதே என்று அவர் சொன்னார். அதைவிடத் தெளிவாக நான் படித்த நூல் எதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவள் ஓடவில்லை. முடிவை அவளேதான் மறுநாள் உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னாள். ஓடாததால் இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டுக்குரிய சான்றிதழ் கிடைக்கவில்லை. மாகாணப் போட்டி நடந்த நாளிலே அவள் வகுப்பிலே குனிந்தபடி இருந்தாள். ஒரு வரியும் எழுதவில்லை. பயந்துவிட்டாள் என்று அவள் அஞ்சியபடியே ஓரிருவர் சொல்லவும் செய்தார்கள். அடுத்த ஆண்டு மேல் வயதுப் பிரிவிலே, தன்னிலும் மூத்தவர்களோடு ஓடி, மாகாணத்திலே ஐந்தாவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஆனால் ஓடி முடித்து, எவர் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தாள்.

ஓடியிருந்தால் ஒருவேளை வென்றிருப்பாளோ? இருக்கலாம். இந்தக் கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது. ஆகவே அவள் பெற்ற இடத்தை வைத்து அந்த முடிவு சரியா பிழையா என்று அளப்பது முறையன்று. முடிவெடுக்கும் நேரத்திலே உண்மை அவளுக்குச் சொல்லப்பட்டதா, முடிவு அவளுடையதாக இருந்ததா என்பதே அளவுகோல். அக்வாரி வளர்ந்த மனிதர். தன் முழங்காலைத் தானே பணயம் வைத்தார். பதினாறு வயதுப் பிள்ளையின் முழங்காலை நாங்கள் பணயம் வைக்க முடியாது. அந்தக் காலோடு அறுபது வயது வரை நடக்கப்போவது இல்லமும் அல்ல, பாடசாலையும் அல்ல.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது சிறிதுதான். பிள்ளை வலிக்குது என்றால் முதலில் நம்புங்கள். வீக்கமோ மடங்கிப்போவதோ இருந்தால் எண்ணெயோடும் பட்டியோடும் நின்றுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஓடலாம் என்று அவர் சொன்னால், முழு மனத்தோடு ஓடவிடுங்கள். வீணான பயத்தை ஊட்டாதீர்கள். சிறு வலிக்கெல்லாம் ஒதுங்கச் சொல்வதும் பிள்ளையின் பலத்தை அறியாமைதான். ஓடக்கூடாது என்று சொன்னால், விலகி நிற்கும் அந்தப் பிள்ளைக்கும் மைதானத்திலே ஓர் இடம் கொடுங்கள். நேரம் குறிக்கும் கடிகாரத்தைக் கையிலே கொடுக்கலாம். தம்பி தங்கைகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம். ஓடியவர்களின் பெயரை ஒலிபெருக்கியிலே வாசிக்கும்போது, காயம் காரணமாக இம்முறை ஓடாதவர் என்று அந்தப் பெயரையும் மரியாதையோடு வாசிக்கலாம். நின்றாலும் பேர் போகாது என்பதை ஒரு பிள்ளை தன் காதாலே கேட்கட்டும்.

மலையிலே கொழுந்து பறிப்பவருக்கும் ஒரு நாள் அப்படிச் சொல்லக்கூடிய காலம் வர வேண்டும். வலிக்கிற முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தால் அன்றைய அரிசி போகாது என்ற நிலை வர வேண்டும். அது மைதானத்துக்கு வெளியே நடக்க வேண்டிய நீண்ட ஓட்டம். அந்த ஓட்டத்தை ஓடி முடிக்க நல்ல கால்கள் வேண்டும். நமது பிள்ளைகளின் முழங்கால்களைப் பாதுகாப்போம்.